அப்பாவின் வட்டியும் அதில் போன பிடித்தமும்: ஊரில் கண்ட சேமிப்புத் திட்ட நடைமுறைகள்

கனடாவில் குடியேறியபின் ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பாவின் வங்கி வேலைகளுக்கு உடன் சென்று வருவது என் வழக்கம். 2025 ஆகஸ்டில் வந்தபோது அவருடைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டக் கணக்கை ஆண்டுவாரியாகப் பார்த்தேன். அரசு அறிவிக்கும் வட்டிக்கும் ஒரு முதியவரின் கைக்கு வந்து சேரும் தொகைக்கும் இடையே எத்தனை விவரம் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது என்பதை எழுதியாக வேண்டும் என்று அப்போதே தோன்றியது.

அப்பா விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பிலிருந்து வரும் ஓய்வூதியம் மாத மருந்துக்கே சரியாக இருக்கும் என்பதால், கையிலிருந்த 15 லட்சம் ரூபாயை 2021 ஜனவரியில் இந்தத் திட்டத்தில் போட்டார். அப்போது வட்டி 7.4 சதவீதம். ஆண்டுக்கு 1,11,000 ரூபாய். காலாண்டுக்கு 27,750 ரூபாய். வீட்டுச் செலவு முழுவதும் இந்தத் தொகையை நம்பித்தான் நடக்கிறது.

இத்திட்டத்தில் ஒரு நன்மையும் அதே நன்மைக்குள் ஒரு சிக்கலும் இருக்கின்றன. சிறுசேமிப்பு வட்டியை மத்திய நிதி அமைச்சகம் 2016 ஏப்ரல் முதல் காலாண்டுக்கு ஒரு முறை அறிவிக்கிறது. ஆனால் கணக்கு தொடங்கிய நாளில் இருந்த வீதம் ஐந்தாண்டுகளுக்கும் மாறாது. 2021 மார்ச் 31 அன்று இந்தத் திட்டத்தின் வட்டியை 7.4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைத்து ஓர் ஆணை வெளியாகி, மறுநாள் காலையிலேயே திரும்பப் பெறப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த இரவு முழுவதும் அப்பா தூங்கவில்லை என்று அம்மா சொன்னார். அந்தக் குறைப்பு நின்றிருந்தாலும் ஏற்கெனவே பணம் போட்ட அவரை அது தொட்டிருக்காது என்பதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

வட்டி உயர்ந்தபோதும் அவரை யாரும் அழைத்துச் சொல்லவில்லை. 2022 அக்டோபரில் 7.6, 2023 ஜனவரியில் 8, அதே ஆண்டு ஏப்ரலில் 8.2 என்று வீதம் ஏறியது. உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்ந்தது. இரண்டாண்டு முடிந்த கணக்கை இடையில் முடித்துக்கொண்டால் வைப்புத் தொகையில் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். அப்பாவுக்கு அது 15,000 ரூபாய். முடித்த பணத்தை அதே நாளில் 8.2 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கும். எஞ்சியிருந்த இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால், அபராதம் போகவும் ஏறத்தாழ 18,000 ரூபாய் மிஞ்சியிருக்கும். விலைவாசி சராசரியாக 6.7 சதவீதம் ஏறிய 2022-23ஆம் ஆண்டையும் 7.4 சதவீத வட்டியிலேயே கடந்து வந்தவர் அவர். அவருக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்ட ஐந்து நிமிடம் போதும். கிளையில் அதைச் செய்ய வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதைவிடப் பெரிய இழப்பு வரிப் பிடித்தத்தில் நடந்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ஒவ்வொரு காலாண்டிலும் வட்டி வரவான பதிவை அடுத்து 2,775 ரூபாய் பற்று எழுதியிருந்தது. மை மங்கிப்போன அந்த எழுத்துகளின் கீழே அப்பா நீலப் பேனாவால் கோடு போட்டு, ஓரத்தில் 'பாங்க் செலவு' என்று எழுதி வைத்திருந்தார். அது செலவு அல்ல, டிடிஎஸ் எனப்படும் முன்கூட்டிய வருமான வரிப் பிடித்தம். அவருடைய மொத்த ஆண்டு வருமானம் வரி விலக்கு வரம்பில் பாதியைக்கூட எட்டாது. அவர் ஒரு ரூபாய்கூட வரி கட்ட வேண்டியவர் அல்ல. வரி வராது என்று உறுதி கூறும் படிவம் 15எச்-ஐ ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் கொடுத்திருந்தால் இந்தப் பிடித்தமே நடந்திருக்காது. கணக்கு தொடங்கிய நாளில் அதில் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்தாண்டுக்கும் அது போதும் என்று அவர் எண்ணியிருந்தார்.

கிளையில் இதைக் கேட்டபோது, "ஏப்ரல்லயே குடுத்திருக்கணும் சார், நாங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டா சொல்ல முடியும்?" என்றார் முகப்பில் இருந்தவர். கடுமையாகச் சொல்லவில்லை, அவர் முன்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. படிவம் அங்கே இல்லை. எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடையில் வாங்கி வரச் சொன்னார். கடைக்காரப் பெண்ணோ, எந்தக் கட்டத்தில் எதை எழுத வேண்டும் என்பதைக் கிளையில் யாரும் சொல்லாத தெளிவோடு அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். பூர்த்தி செய்து கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

2024-25ஆம் ஆண்டில் பிடித்த 11,100 ரூபாயைத் திரும்பப் பெற வழி இருந்தது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாளை 2025 செப்டம்பர் 15 வரை நீட்டித்திருந்தார்கள். ஊரில் ஒரு வரி ஆலோசகர் ஒருவரிடம் பிடித்த வரியெல்லாம் பதிவாகும் படிவம் 26ஏஎஸ்-ஐ இறக்கிப் பார்த்து, நான்கு காலாண்டுப் பிடித்தமும் பதிவாகியிருப்பதை உறுதி செய்துகொண்டு, அன்றே தாக்கல் செய்து கொடுத்தார். அவர் வாங்கிய கட்டணம் நியாயமானது. 2025 ஜூன் காலாண்டுப் பிடித்தத்தை அடுத்த ஆண்டுக் கணக்கில் கேட்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளின் 33,300 ரூபாய் அத்தனை எளிதாக வராது. கெடு கடந்தபின் தாக்கல் செய்யும் புதுப்பித்த கணக்கில் பணம் திரும்பக் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி வரித்துறைக்குத் தனி மனு போட வேண்டும். மனுவைத் தயார் செய்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

மூத்த குடிமக்களின் ஆண்டு வட்டி எவ்வளவைத் தாண்டினால் வரி பிடிக்கலாம் என்ற வரம்பு 2025 ஏப்ரலில் 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்ந்தது நல்ல மாற்றம். வேறு வைப்பு ஏதும் இல்லாத ஒருவர் 8.2 சதவீதத்தில் 12 லட்சம் போட்டிருந்தால் வட்டி 98,400 ரூபாய். அவர் படிவத்தை மறந்தாலும் பிடித்தம் வராது. 15 லட்சம் போட்டவர் மாட்டிக்கொள்கிறார். கனடாவில் அங்கே வசிப்பவரின் வைப்பு வட்டியில் வங்கி வரி பிடிப்பதில்லை. ஆண்டு முடிவில் டி5 என்ற சீட்டைக் கொடுத்துவிடுகிறது, வரி இருந்தால் நாம் கட்டுகிறோம். இங்கே அப்படிச் செய்தால் ஏய்ப்பு பெருகும் என்று வாதிடலாம். ஆனால் பான் எண்ணும் ஆதாரும் இணைந்து, வருமானம் முழுவதும் துறையின் கண்ணுக்குத் தெரியும் இந்தக் காலத்தில், வரி வரம்புக்கு வெகு கீழே இருக்கும் எழுபது வயதுக்காரரிடம் முதலில் பிடித்துவிட்டு, பிறகு வந்து கேள் என்பது நியாயமாகப் படவில்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலே பாதிப் பேர் தப்பிவிடுவார்கள்.

அஞ்சலக முகவராக இருக்கும் எங்கள் தெரு அக்கா ஒருவர் வேறொரு மாற்றத்தைச் சொன்னார். புதிய வரி முறையில் சேமிப்புக்கான 80சி வரிக் கழிவு இல்லாததால், முன்பு பிப்ரவரி, மார்ச்சில் சேமிப்புப் பத்திரம் வாங்க வரும் சம்பளக்காரர்கள் இப்போது குறைந்துவிட்டார்களாம். செல்வமகள் திட்டத்துக்கு மட்டும் ஆட்கள் வருகிறார்கள், 8.2 சதவீத வட்டிக்கு வரியே இல்லை என்பது தாய்மார்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

என்னைப் போல் வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்தத் திட்டங்களில் புதிதாகச் சேர முடியாது. புறப்படும் முன் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கை முதிர்வு வரை தொடரலாம், நீட்டிக்க இயலாது. ஆனால் பெற்றோருக்கு நாம் அனுப்பும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. அதை அவர்கள் தம் பெயரில் போட்டால் வட்டியும் அவர்கள் வருமானமாகவே கருதப்படும். வெளிநாட்டில் வசிப்பவர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்ஓ கணக்கில் நம் பெயரில் வைத்து 31.2 சதவீதம் பிடிபடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் ஊரிலிருந்து புறப்பட்டபோது, அப்பாவின் கணக்கு 2026 ஜனவரியில் முதிர இருந்தது. அன்றைய வீதத்தில் மூன்றாண்டு நீட்டிக்கலாம். நீட்டித்த கணக்கை ஓராண்டுக்குப் பின் அபராதமின்றி முடிக்கலாம். புதிதாகத் தொடங்கினால் ஐந்தாண்டுக்கு வீதம் நிலைத்திருக்கும். வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வீதத்தை ரிசர்வ் வங்கி 2025இல் குறைத்து வந்ததால், மற்ற வட்டிகளும் இறங்கலாம் என்று எண்ணிப் புதிதாகத் தொடங்குவதையே நான் சொன்னேன். முடிவு அவருடையது, தம்பி ஜனவரியில் உடன் செல்வதாகவும், ஏப்ரலில் வரி வராது என்று உறுதி கூறும் படிவத்தைக் கொடுத்து ஒப்புகையின் படத்தை எனக்கு அனுப்புவதாகவும் சொன்னான்.