ஜெட்சன் ஓரின் நேனோ சூப்பர்: கல்லூரிக்கு ஒன்று, முந்திரி ஆலைக்கு ஒன்று

கடலூர், புதுச்சேரி வட்டாரக் கல்லூரிகளில் செயற்கை நுண்ணறிவு படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரி ஆலைகளுக்கும் குறைவில்லை. பருப்பைத் தரம் பிரிக்கக் கேமரா உதவும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆனாலும் இப்படிப்பட்ட இறுதியாண்டுத் திட்டங்கள் பல வைவா முடிந்ததும் அலமாரிக்குள் போய்விடுகின்றன. ஆய்வகக் கணினியில் ஓடிய நிரலை ஆலையில் ஓட்ட அதேபோன்ற இயந்திரம் இருப்பதில்லை என்பது முக்கியக் காரணம். செயற்கை நுண்ணறிவு நிரல்களை ஓட்டும் சிறிய கணினியான, என்விடியாவின் ஜெட்சன் ஓரின் நேனோ சூப்பர் டெவலப்பர் கிட் அந்தக் குறையைத் தீர்க்கிறது. ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்கினால்தான் தீர்க்கிறது.

2024 டிசம்பரில் 249 டாலர் என்று விலை குறைக்கப்பட்டு, 'சூப்பர்' என்ற பெயரோடு வந்தது. இங்கே வரியும் இறக்குமதிச் செலவும் சேர்ந்து அதைவிடக் கூடுதலாகும். ஆறு கோர் ஆர்ம் செயலி, ஜிபியூ எனும் படக்கணக்குச் செயலியில் 1024 கூடா கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), 8 ஜிபி நினைவகம். மின்சாரம் 7 முதல் 25 வாட் வரை. விளம்பரத்தில் வரும் 67 டாப்ஸ் (நொடிக்கு 67 லட்சம் கோடி கணக்குகள்) என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 8 பிட் முழு எண் கணக்கில், பூஜ்யங்களைத் தாண்டிப் போகும் உத்தியையும் சேர்த்த உச்ச அளவு. அந்த உத்திக்கென்று தயாரிக்காத சாதாரண செயற்கை நுண்ணறிவு மாடலுக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். பருப்பு பிரிக்கும் சிறிய மாடலுக்கு அதுவே தாராளம். நெருக்கடி தருவது நினைவகம். அந்த 8 ஜிபியைச் செயலியும் ஜிபியூவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. டெஸ்க்டாப் திரையை நிறுத்திவிட்டு ஓட்டினால் நல்ல மிச்சம் கிடைக்கும்.

பிரித்த முதல் நாளிலேயே தடுமாற வைக்கும் விஷயங்கள் சில உண்டு. எச்டிஎம்ஐ கிடையாது, டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். எச்டிஎம்ஐயாக மாற்றும் அடாப்டர் ஒன்றைக் கையோடு வாங்கிவிடுங்கள். கேமரா இணைப்பு 22 முனை கொண்டது, பழைய ராஸ்பெர்ரி பை கேமராவின் 15 முனைக் கேபிள் சேராது. பழைய இருப்பு கிட் என்றால் அதன் ஃபர்ம்வேர் (போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்), ஜெட்சனின் மென்பொருள் தொகுப்பான ஜெட்பேக்கின் 6-ஆம் பதிப்பு போட்ட மெமரி கார்டை ஏற்காது. திரை கறுப்பாகவே நிற்கும். போர்டு செத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. முதலில் ஜெட்பேக் 5.1.3 கார்டு போட்டு ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு அதன் பிறகு 6-க்கு வர வேண்டும். மெமரி கார்டிலேயே வேலையை நடத்தாதீர்கள். மின்வெட்டில் கார்டு கெடும். சேமிப்புக்கு எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்றும் சிறிய யூபிஎஸ் ஒன்றும் கணக்கில் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கிட்டை விடக் கேமராதான் ஆலையில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. பருப்பைக் கொண்டுபோகும் பெல்ட் நொடிக்கு 20 செ.மீ. ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேமராவின் எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு ஒளியை வாங்கும் நேரம், 10 மில்லி நொடி என்றால் பருப்பு படத்தில் 2 மி.மீ. இழுபடும், கீறலும் ஒட்டிய தோலும் தெரியாது. 1 மில்லி நொடியாகக் குறைத்தால் இழுப்பு 0.2 மி.மீ.தான், ஆனால் வெளிச்சம் பலமாக வேண்டும். வீட்டு எல்இடி பல்புகளில் பலவற்றின் வெளிச்சம் ஏசி மின்னோட்டத்தோடு சேர்ந்து நொடிக்கு 100 முறை கூடிக் குறையும், படத்துக்குப் படம் நிறம் மாறும். டிசியில் எரியும் விளக்குப் பட்டையே போடுங்கள். படத்தை வரிவரியாக எடுக்கும் ரோலிங் ஷட்டர் கேமராவில் ஓடும் பருப்பு சாய்ந்த உருவமாகப் பதியும். முழுப்படத்தையும் ஒரே நேரத்தில் எடுக்கும் குளோபல் ஷட்டர் உள்ள யூஎஸ்பி கேமரா வாங்குங்கள். தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி வெண்சமநிலை (நிறத்தைத் தானே சரிசெய்யும் வசதி) இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருகிய பருப்புக்கும் நல்ல பருப்புக்கும் உள்ள நிற வேறுபாட்டைக் கேமராவே அழித்துவிடும். பெல்ட் நீல நிறமாக இருந்தால் தந்த நிறப் பருப்பு தனித்துத் தெரியும்.

மாணவர் திட்டங்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது: நீளவாக்கில் பிளந்த பாதிப்பருப்பு தட்டைப் பக்கம் கீழே படும்படி விழுந்தால், மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு அது முழுப்பருப்பேதான். வெளிக்கோடு ஒன்றே. எவ்வளவு படம் காட்டிப் பழக்கினாலும் படத்தில் இல்லாத தகவலை மாடல் கண்டுபிடிக்க முடியாது. பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கு வைத்தால் நிழலின் நீளம் உயரத்தைச் சொல்லிவிடும். அல்லது பக்கத்திலிருந்து இரண்டாவது கேமரா. ஆலைக்குப் போய்ப் பெல்ட்டருகே நின்று பார்க்காத வழிகாட்டி இதைச் சொல்லித்தர முடியாது.

அளவுத் தரத்திலும் அதே கவனம் வேண்டும். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 முழுப்பருப்பு. ஒரு பருப்பு சுமார் 1.42 முதல் 1.51 கிராம். டபிள்யூ 240 என்றால் 1.89 முதல் 2.06 கிராம். கேமரா பார்ப்பது பரப்பளவை, வியாபாரம் நடப்பது எடையில். ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் ஐம்பது, நூறு பருப்பை மில்லிகிராம் தராசில் நிறுத்துப் பரப்பளவோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.  உள்ளூர்க் கொட்டையோடு ஆப்பிரிக்க நாட்டுக் கொட்டையும் இங்கே உடைபடுகிறது. ஒன்றில் பழகிய மாடல் மற்றொன்றில் தடுமாறும்.

படங்களுக்குத் தரம் குறிக்கும் வேலையை மாணவர்களிடம் விடக் கூடாது. ஆண்டுக்கணக்கில் கையால் பிரிக்கும் பெண்களின் கண்தான் இங்கே அளவுகோல். அவர்களில் இருவரிடம் ஒரே 200 பருப்பைத் தனித்தனியே கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறார்களோ அங்கே மாடலும் தடுமாறும். அதற்குமேல் துல்லியம் கேட்பதில் அர்த்தமில்லை. அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் நன்றி வரி எழுதுவது கூலியாகாது.

இப்போது இரண்டு கிட் ஏன் என்பதற்கு வருவோம். மாடலைப் பழக்க இந்தக் கிட் போதாது. கூகுளின் இணையச் சேவையான கோலாபில் கிடைக்கும் இலவச டி4 ஜிபியூவில் பழக்கி, ஓஎன்என்எக்ஸ் எனும் பொது வடிவக் கோப்பாக எடுத்து, ஜெட்சனில் டென்சர்ஆர்டி (மாடலை வேகமாக ஓட்டும் என்விடியா மென்பொருள்) எஞ்சினாகக் கட்ட வேண்டும். அந்த எஞ்சின் கட்டிய ஜிபியூ வகைக்கும் டென்சர்ஆர்டி பதிப்புக்கும் உரியது. மடிக்கணினியில் கட்டியது இங்கே ஓடாது. கல்லூரியிலும் ஆலையிலும் ஒரே கிட், ஒரே ஜெட்பேக் பதிப்பு இருந்தால் ஆய்வகத்தில் கட்டிச் சோதித்த கோப்பை அப்படியே ஆலைக்கு அனுப்பலாம். ஆலையில் பிழை வந்தால் அதே பிழையை ஆய்வகத்தில் வரவழைத்துப் பார்க்கலாம். பண்ருட்டி ஆலைக்கும் புதுச்சேரி காலாப்பட்டுக் கல்லூரிக்கும் பேருந்தில் அலைய வேண்டியதில்லை. பதிப்பை ஒரு பக்கம் மட்டும் புதுப்பித்தால் இந்த வசதி அன்றோடு போயிற்று.

ஆலைச் சூழல் இந்தக் கிட்டுக்கு இதமானதல்ல. தோல் உரிக்கும் பகுதியின் தூசு விசிறியை அடைத்துவிடும். பிறகு சூடேறி வேகம் குறையும். அதிகபட்ச வேகத்தில் வைக்காமல் 15 வாட்டிலேயே ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் போதும். வீடியோவைச் சுருக்கும் தனி வன்பொருள் இதில் இல்லை. முதலாளி கைபேசியில் நேரலை பார்க்க ஆசைப்பட்டால் செயலியின் பாரம் ஏறும். ஒதுக்கப்பட்ட பருப்புகளின் படங்களை மட்டும் அனுப்புவது நல்லது.

உரிமம் பற்றி யாரும் முன்கூட்டியே பேசுவதில்லை, பேச வேண்டும். படத்தில் பொருள்களைக் கண்டறிய மாணவர்கள் முதலில் எடுக்கும் அல்ட்ராலிட்டிக்ஸ் யோலோ, நிரலைத் திறந்து காட்டச் சொல்லும் ஏஜிபிஎல் 3.0 உரிமத்தில் வருகிறது. அதை விரும்பாத நிறுவனம் கட்டண உரிமம் வாங்க வேண்டும். அதே வேலைக்கான யோலோஎக்ஸ், அந்தக் கட்டாயம் இல்லாத அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது, ஆலைக்குப் போகும் வேலைக்கு அதிலிருந்து தொடங்கலாம். கூடவே ஒரு பக்க ஒப்பந்தம்: படங்கள் யாருக்குச் சொந்தம், மாணவர் எதை வெளியிடலாம், மே மாதம் மாணவர்கள் போன பிறகு கல்லூரியில் யார் பொறுப்பு. மூன்றாவது கேள்விக்கு ஓர் ஆசிரியரின் பெயர் எழுதப்படாத ஒப்பந்தத்தில் ஆலை பணம் போடக் கூடாது.

டெவலப்பர் கிட்டை நிரந்தர உற்பத்திக்கு வைக்கக் கூடாது என்று என்விடியாவே சொல்கிறது. ஒரு பருவம் சோதித்து, பயன் உறுதியானால் ஆலை தனியாக ஓரின் நேனோ மாட்யூலும் அதைப் பொருத்தத் தொழிற்சாலைக்கான கேரியர் போர்டும் வாங்கிக்கொள்ளட்டும். நிரல் பெரிதாக மாறாது. கையில் ராஸ்பெர்ரி பை 5 எனும் சிறு கணினி ஏற்கெனவே இருந்து, ஒரே கேமரா, ஒரே சிறிய மாடல் என்றால் மாடலை வேகமாக ஓட்டும் ஹெய்லோ முடுக்கிச் சில்லு பொருத்தி அதிலேயே தொடங்கலாம். பக்கவாட்டுக் கேமராவும் சேர வேண்டிய முந்திரி வேலைக்கு ஜெட்சன்தான் சரி.