நாலறை வீட்டின் குளிரூட்டி: ஒரே 'சிஸ்டம் 4'-ஆ, இரண்டாகப் பிரிப்பதா?

சிங்கப்பூரில் புது வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள் தச்சு வேலைக்காரரைப் பார்ப்பதற்கு முன்பே குளிரூட்டி விஷயத்தை முடித்துவிட வேண்டியிருக்கிறது. செப்புக் குழாயும் நீர் வடியும் குழாயும் எந்தச் சுவரோரம் போகின்றன என்பதை வைத்துத்தான் பொய்க்கூரையும் அலமாரிகளும் அமையும். அந்த அவசரத்தில் பலரும் கடைக்காரர் முதலில் நீட்டும் விலைப்பட்டியலிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கூடத்துக்கு ஒன்று, மூன்று படுக்கையறைகளுக்கு ஒவ்வொன்று, வெளியே ஒரே ஒரு கம்ப்ரசர்: 'சிஸ்டம் 4'. நாலறை வீட்டுக்கு நான்கு என்று கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பல குடும்பங்களுக்கு அது சரிப்படாத கணக்கு என்பது என் கருத்து.

கடையில் வைக்கப்படும் வாதம், அறைக்கு அறை தனி ரிமோட் இருக்கிறது, வேண்டிய அறையை மட்டும் குளிர வைக்கலாம் என்பது. உண்மைதான். அந்த வசதி எல்லா ஏற்பாட்டிலும் உண்டு. வேறுபாடு ரிமோட்டில் இல்லை, வெளியே ஏர்கான் மேடையில் உட்கார்ந்திருக்கும் பெட்டியில் இருக்கிறது.

சிஸ்டம் 4-இன் கம்ப்ரசர் நான்கு அறைகளின் சுமையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இரவு பதினொரு மணிக்கு மேல் ஒரே ஒரு படுக்கையறை மட்டும் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 9,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) தேவைப்படும் அறை. கதவு மூடியிருக்கிறது, சுவரும் மெத்தையும் குளிர்ந்துவிட்டன, ரிமோட்டில் 25 டிகிரி. அப்போது அந்த அறை கேட்பது மிகக் குறைந்த குளிர்ச்சி. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்றாலும், எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பெரிய கம்ப்ரசருக்கு அந்தக் கீழ் எல்லையும் பெரிது. அதற்கும் கீழே தேவை இறங்கினால் அது நின்று நின்று ஓடத் தொடங்கும். திருவிழாத் தேரை இழுக்கும் வடத்தில் ஒரு கைவண்டியைக் கட்டியதைப் போல. மின்சாரம் வீணாவது ஒரு பக்கம் இருக்கட்டும். கம்ப்ரசர் நிற்கும்போது உள்ளே விசிறி மட்டும் சுழலும்; குளிர்ச்சுருளில் படிந்த நீர் மறுபடி காற்றில் ஏறும். ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டும் ஊரில் இதன் விளைவு தெரிந்ததே: அறை குளிர்ந்திருக்கும், போர்வை மட்டும் பிசுபிசுக்கும். உடனே கை ரிமோட்டைத் தேடி 22-க்கு இறக்கும்.

"சிட்டையில் ஐந்து டிக் இருக்கிறதே" என்று கேட்கலாம். மின்சாரச் சிக்கனத்துக்கான உச்ச மதிப்பு அது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் எரிசக்திச் சிட்டை நம்பத்தக்கது. கடைக்காரரின் வாய்ப்பேச்சைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இன்வெர்ட்டர் வகைக்கு முழுச் சுமையில் கிடைக்கும் திறனுக்கு 40 சதவீதமும் பாதிச் சுமையில் கிடைக்கும் திறனுக்கு 60 சதவீதமும் மதிப்புக் கொடுத்து அந்தக் கணக்குப் போடப்படுகிறது. நான்கில் ஓர் அறை மட்டும் அரைத்தூக்கத்தில் ஓடும் நிலை அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. பல வீடுகளில் குளிரூட்டி அதிக நேரம் ஓடுவதோ அந்த நிலையில்தான்.

நேர்மாறான நிலையும் உண்டு. தீபாவளியன்று வீடு நிறைய உறவினர், நான்கு அறைகளும் ஓடுகின்றன. மூன்று 9,000, கூடத்துக்கு ஒரு 18,000 என்றால் உள்ளே இருப்பவற்றின் கூட்டுத்தொகை 45,000 பிடியூ. வெளிப்பெட்டியின் திறன் பெரும்பாலும் 30,000-ஐ ஒட்டித்தான் இருக்கும். எல்லா அறையும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக ஓடாது என்ற ஊகத்தில் செய்த வடிவமைப்பு அது, தவறில்லை. ஆனால் அன்று மாலை கூடம் ஏன் குளிரவில்லை என்று சர்வீஸ்காரரைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

அப்படியானால் அறைக்கு ஒரு 'சிஸ்டம் 1' என்று நான்கு தனிப்பெட்டிகள் வைத்துவிடலாமா? இயங்கும் விதத்தில் இதுவே சிறந்தது. ஒவ்வொரு கம்ப்ரசரும் தன் அறைக்கு ஏற்ற அளவில் இருக்கும். ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் ஓடும். சிக்கல் இடம்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஏர்கான் மேடை என்று ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் வெளிப்பெட்டியை வைக்க விடமாட்டார்கள்; பொதுத்தாழ்வாரத்தில் வைப்பது நடக்காத காரியம். மேடையில் இரண்டு பெட்டிகள் நெருக்கமில்லாமல் உட்கார்ந்தாலே பெரிது. நெருக்கி வைத்தால் ஒன்று ஊதும் வெப்பக் காற்றை மற்றது உறிஞ்சி, இரண்டும் திணறும். மேடையே இல்லாத பழைய வீடுகளில் சுவரில் இரும்புத் தாங்கி அடித்துப் பொருத்த வேண்டும். அதற்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்ற பொருத்துநரே வர வேண்டும். அந்த வீடுகளில் முதன்மை மின்விசை 30 ஆம்பியர்தானா என்பதையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது. தண்ணீர் சூடேற்றியும் குளிரூட்டிகளும் சேர்ந்து ஓடும்போது அது போதாமல் போகலாம்.

ஆக, நான்கு தனிப்பெட்டிகள் தரைவீட்டுக்காரர்களுக்கான ஆடம்பரம். நமக்கு மிஞ்சும் உண்மையான போட்டி, ஒரே சிஸ்டம் 4-க்கும் இரண்டு பெட்டிகளாகப் பிரிப்பதற்கும் இடையே.

பிரிப்பது என்று முடிவானால் எப்படிப் பிரிப்பது? கடைக்காரர்கள் பொதுவாகத் தூரத்தைப் பார்ப்பார்கள்: குழாய் எங்கே குறைவாகப் போகிறதோ அந்த அறைகளை ஒன்றாகச் சேர்ப்பார்கள். நான் நேரத்தைப் பார்க்கச் சொல்வேன். ஒரே நேரத்தில் ஓடும் அறைகள் ஒரு கம்ப்ரசரைப் பகிர்ந்துகொள்ளலாம். அப்போது சுமை ஒன்றுகூடி அது நிதானமான நடுவேகத்தில் ஓடும். வேறு வேறு நேரத்தில் ஓடுபவற்றை ஒன்றாகக் கட்டினால் மேலே சொன்ன தேர்வடக் கதைதான்.

பெற்றோர் ஓர் அறையிலும் பிள்ளைகள் இரண்டு அறைகளிலும் இரவெல்லாம் ஏர்கானோடு தூங்கும் குடும்பத்துக்குப் படுக்கையறைகள் மூன்றுக்கும் ஒரு சிஸ்டம் 3, கூடத்துக்குத் தனியாக ஒன்று. கூடம் மாலையிலும் விடுமுறை நாளிலும் மட்டும் ஓடும். அதற்காகப் பெரிய கம்ப்ரசரை இரவு முழுதும் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் பல தமிழ்க் குடும்பங்களின் இரவு வேறு மாதிரி. பாட்டிக்குக் குளிர் ஆகாது, மின்விசிறி போதும். சின்னப் பிள்ளை இன்னும் அம்மாவோடுதான் படுக்கிறது. மூன்றாவது அறையில் துணி காய்கிறது. அங்கே ஆண்டு முழுதும் இரவு எட்டு மணிநேரம் ஓடுவது ஓர் அறை மட்டும். அந்த அறைக்குத் தனி சிஸ்டம் 1 கொடுங்கள், அதையும் ஐந்து டிக் உள்ளதாகப் பார்த்து. மற்ற மூன்றும் ஒரு பெட்டியில் இருக்கட்டும். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் இருந்தாலும், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை பகலெல்லாம் ஓர் அறையில் படித்தாலும் இதே கேள்விதான்: எந்த அறை அதிக மணிநேரம் தனியாக ஓடுகிறது?

எனக்குக் கூடத்தைத் தனியாக்குவதில் இன்னொரு காரணமும் உண்டு. திறந்த சமையலறைதான் இன்றைய மோகம். நம் தாளிப்புப் புகை நேரே கூடத்துக் குளிரூட்டியின் வலையிலும் சுருளிலும் போய் ஒட்டும். கெமிக்கல் வாஷ், அதாவது ரசாயனம் விட்டுக் கழுவுவது, அதற்குத்தான் முதலில் தேவைப்படும். வழக்கமான சர்வீஸ் கட்டணம் அறைச்சுவரில் இருக்கும் முகப்புப் பெட்டிகளை எண்ணித்தான் என்பதால் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அந்தச் செலவு ஒன்றே. பழுது வரும்போதுதான் வேறுபாடு தெரியும். வெளிப்பெட்டியின் மின்சுற்றுப் பலகை போய்விட்டால் சிஸ்டம் 4 வீட்டில் எல்லா அறையும் ஒரே நேரத்தில் வெந்து போகும். உதிரிபாகம் வரும் வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு பெட்டிகள் இருந்தால் குடும்பமே ஓர் அறையில் பாய் விரித்துச் சமாளிக்கலாம்.

சிஸ்டம் 4-க்குச் சாதகமாகவும் சொல்ல வேண்டும். வாங்கும் விலையும் பொருத்துக்கூலியும் குறைவு. மேடையில் இடம் மிஞ்சும். ஆறேழு பேர் உள்ள குடும்பம், இரவில் எல்லா அறையும் ஓடும் என்றால் அதுவே போதும். பிரிப்பதற்காகக் கூடுதல் வெள்ளி செலவழிக்க வேண்டாம். அரசாங்கத்தின் பருவநிலைப் பற்றுச்சீட்டு இரண்டு வகைக்கும் உதவும். வீவக குடும்பங்களுக்கு 2024-இல் 300 வெள்ளியும் 2025-இல் மேலும் 100 வெள்ளியும் கொடுத்தார்கள். 2027 இறுதிவரை செல்லும், ஐந்து டிக் குளிரூட்டிக்குப் பயன்படுத்தலாம். குளிர்வாயுவில் குழப்பம் வேண்டாம். 2022 அக்டோபருக்குப் பிறகு வீட்டுக்கு வருபவை எல்லாம் கிட்டத்தட்ட ஆர்-32தான்.

புதிய வீவக நகரான தெங்காவில் வீடு கிடைத்தவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. புளோக்கின் கூரையில் மின்விநியோக நிறுவனமான எஸ்பி குழுமத்தின் பெரிய குளிர்விப்பான்கள். அங்கிருந்து குளிர்ந்த நீர் குழாய் வழியாக வீட்டு முகப்புகளுக்கு வரும். வீட்டுக்கென்று கம்ப்ரசர் கிடையாது. ஓர் அறை மட்டும் ஓடும் பிரச்சினை இங்கே அடிபட்டுப் போகிறது, ஏனென்றால் கூரையிலிருப்பவை பல வீடுகளின் சுமையை ஒன்றாகப் பார்க்கின்றன. கருத்தளவில் எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஆனால் குடியேறிய தொடக்கக் காலத்தில் நீர் சொட்டும் புகார்கள் செய்திகளில் அடிபட்டன. பிடிக்கவில்லை என்றால் அதே குளிர்நீரை வேறு சேவையாளரிடம் வாங்கவும் முடியாது. ஒப்பந்தத்தை ஆற அமரப் படித்துவிட்டுச் சேருங்கள்.

கூரைக்குள் காற்றுக்குழாய் ஓட்டி, அறைக்கு அறை மடல் திறந்து மூடும் ஏற்பாட்டை இங்கே பேசப்போவதில்லை. வீவக கூரை உயரம் பெரும்பாலும் அதற்கு இடம் கொடுக்காது.

மின்விசிறியை விட்டுவிட்டு இந்த ஒப்பீட்டை முடிக்கக் கூடாது. சராசரியாக 400 வாட் இழுக்கும் குளிரூட்டி எட்டு மணிநேரத்தில் 3.2 யூனிட் எடுக்கும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 96 காசு. 30 வாட் டிசி மின்விசிறி அதே நேரத்துக்கு 7 காசு. குளிரூட்டியை 25 அல்லது 26-இல் வைத்து மின்விசிறியையும் சுழல விட்டால் 23-இன் சுகம் கிடைக்கும். வைஃபை ரிமோட், ஆளை உணரும் கண் என்று விற்கிறார்களே, அவற்றுக்குக் கொடுக்கும் பணத்தை நான் ஒவ்வொரு அறைக்கும் ஒரு நல்ல மின்விசிறியில் போடுவேன். நேரம் வைத்து நிறுத்தும் பொத்தான் சாதாரண ரிமோட்டிலேயே இருக்கிறது.

வாடகை அறையில் இருப்பவர்களுக்கு இந்த அலசல் எதுவும் உதவாது. அவர்களுடைய அறைவாரிக் கட்டுப்பாடு வீட்டுக்காரர் கையில்: இரவு ஒன்பது முதல் காலை ஏழு வரை மட்டும் ஏர்கான் என்பார், அல்லது அறைக்கு ஒரு துணை மீட்டர் வைத்துப் பியூபி பில்லைப் (மின்சார, தண்ணீர்க் கட்டணத்தை) பிரிப்பார். இரண்டில் மீட்டரே நியாயம். பகலில் தூங்கி இரவில் வேலைக்குப் போகிறவர் மணிக்கணக்கு விதியால் வெந்து சாகிறார்.

கடைசியாக ஒன்று. பல முகப்புகள் ஒரே பெட்டியோடு சேரும் ஏற்பாட்டில், ஓர் அறையின் குழாயையும் இன்னோர் அறையின் கம்பியையும் மாற்றி இணைத்துவிடுவது நடக்கக்கூடிய தவறு. எல்லா அறையையும் ஒன்றாக ஓடவிட்டுக் காட்டினால் அது தெரியாது. வேலை முடிந்ததும் பொருத்துநரைப் போக விடாமல், "தம்பி, ஒரு அறையை மட்டும் போடுங்கள்" என்று சொல்லிக் கால் மணிநேரம் பார்த்துவிட்டு, அதை நிறுத்தி அடுத்ததைப் போடச் சொல்லுங்கள். அதன் பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.