பதிவேடா, டீக்கடை பெஞ்சா?

திருநெல்வேலி அருகே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம் உங்களை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறது. அதைப் பற்றி விசாரிக்க இரண்டு வழிகள்: வீட்டிலிருந்தே அரசுப் பதிவேடுகளைப் பார்ப்பது, அல்லது ஷிப்ட் முடியும் நேரத்தில் வாசலருகே டீக்கடையில் உட்காருவது.

வீட்டிலிருந்தே தேடும் பலர் நிறுவனத்தின் இணையதளத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது கல்யாண ஆல்பம். எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பதிவான தேதி, செலுத்தப்பட்ட மூலதனம் (பங்குதாரர்கள் போட்ட பணம்), கடைசி இருப்புநிலைக் குறிப்பின் (பேலன்ஸ் ஷீட்) தேதி ஆகியவை இலவசமாகவே கிடைக்கும். (தனிநபர் உரிமைத் தொழில்கள் அங்கே இருக்காது.) வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளம் இன்னும் சுவையானது. எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று அதில் பார்க்கலாம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய தொகை அடிக்கடி தள்ளிப்போனால், சம்பளத் தேதியைப் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது.

டீக்கடையில் தெரிவது வேறு: மேலாளரின் வாய், ஓவர்டைம் கூலி, கம்பெனி பஸ் வண்ணார்பேட்டை வரை வருகிறதா என்பது. ஆனால் நேற்றுத் திட்டு வாங்கியவர் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும்.

உற்பத்திப் பிரிவு வேலை என்றால் நான் டீக்கடைக்கே முதலில் போவேன். கணக்குப் பிரிவு என்றால் பதிவேடுதான்.