விதியில் எழுதாத மாற்றம்: செய்யலாமா, கூடாதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி செம்பனைத் தோட்டத்து ஊர்களில் காடியை, அதாவது காரை, கழற்றிப் பூட்டத் தெரிந்த பையன்களுக்குக் குறைவில்லை. ஜிம்கானா, ஆட்டோகிராஸ் என்று நேரம் பார்த்து ஓட்டும் காடிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் தகராறு. விதிப்புத்தகம் பேசாமல் விட்ட இடத்தை எப்படிப் படிப்பது?

“தடுக்கவில்லையே, செய்யலாம்” என்பது ஒரு கட்சி. “அனுமதி எழுதியிருந்தால் மட்டும் தொடு” என்பது மறு கட்சி. நான் இரண்டாவது பக்கம்.

காடியின் குலுக்கலை அடக்கும் அப்சார்பரையே எடுத்துக்கொள்வோம். “அப்சார்பர் மாற்றலாம்” என்று விதியில் ஒரே வரி இருக்கிறது. முதல் கட்சிக்காரர் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தொகுப்பாக வரும் கோயிலோவர் வாங்கி மாட்டுவார். ஸ்பிரிங்கும் சேர்ந்துதானே வருகிறது என்பார். காடி தாழும், வளைவில் சாய்வது குறையும், நேரமும் குறையும். இரண்டாவது வாசிப்பில் இது செல்லாது. ஸ்பிரிங் தனிப் பாகம், அதற்கு அனுமதி இல்லை. அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. என்ற காடிப் பந்தயச் சங்கத்தின் ஸ்ட்ரீட் வகுப்பிலும் இதே கோடுதான்: அப்சார்பரை மாற்றலாம், ஸ்பிரிங் அசலாகவே இருக்க வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் காடி விதிகள், பின்னிணைப்பு ஜே, இன்னும் ஒரு படி மேலே போகிறது. அனுமதித்த மாற்றத்தைச் சாக்காக வைத்து அனுமதிக்காததைச் செய்யக் கூடாது என்கிறது. ரிம் மாற்ற அனுமதி இருக்கிறது, ஆனால் உள்ளே நுழையவில்லை என்று சக்கரத்துக்கு மேலிருக்கும் ஃபெண்டரை வெட்டினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தாராள வாசிப்புக்கும் பெருமை உண்டு. 1978 சுவீடன் கிராண்ட் பிரீ ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பிரபாம் அணிக் காடியின் பின்னால் பெரிய விசிறி வைத்தார்கள். இன்ஜினைக் குளிர்விக்க என்றார்கள். அது காடியைத் தரையோடு உறிஞ்சிப் பிடித்தது. நிக்கி லவ்டா ஜெயித்தார். அதற்குப் பிறகு அந்த விசிறிக் காடி எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. அபாரமான மூளைதான். ஆனால் அங்கே பணம் இருந்தது. இங்கே அதே வாசிப்பைப் பிடித்துக்கொண்டால், கஞ்சில் என்ற சின்னக் காடியில், பாதியாக வெட்டி விற்கும் பழைய காடியிலிருந்து எடுத்த ஹாஃப்கட் டர்போ இன்ஜின் இறக்கியவரும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து டயர் வாங்கியவரும் ஒரே வகுப்பில் நிற்பார்கள். அடுத்த முறை டயர் வாங்கியவர் வர மாட்டார்.

கட்டுப்பாடு திறமையைக் கொல்லும் என்கிறவர்கள் நம் மலேசிய ராலி ஓட்டுநர் கரம்ஜித் சிங்கைப் பார்க்கட்டும். 2002இல் அவர் புரோட்டான் பெர்ட்டில் உலக புரொடக்‌ஷன் கார் ராலி பட்டம் வென்றது, மாற்றங்களை இறுக்கிப் பிடித்த குரூப் என் வகுப்பில்தான்.

கறாரான வாசிப்புக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. கஞ்சில் தயாரிப்பு 2009இல் நின்றுவிட்டது; அசல் பாகம் கிடைக்காதவர் வேறு பாகம் போட்டால் அது பழுதுபார்ப்பா, மாற்றமா? ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், பதிலை எல்லா ஓட்டுநர்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். காடிச் சோதனை வரிசையில் நின்றுகொண்டு கேட்டால் சண்டைதான் வரும். அப்புறம், அங்கே தேறிய காடியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே சாலையில் தடுக்கலாம். அது வேறு சட்டம், தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.