பக்கவாதத்துக்குப் பிறகு நிற்கப் பழக: டிரெட்மில்லா, நாற்காலியா?

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்ததும் வீட்டில் ஒரு பட்டிமன்றம் தொடங்கும். பெரிய மெஷின் வைத்திருக்கும் சென்டருக்குக் கூட்டிப் போவதா, பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரச் சொல்வதா? கை காலில் பலம் வந்தால் சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பலம் ஓரளவு திரும்பியவர்கூட ஒரு பக்கம் சரிந்தே உட்காருவார். நின்றால் மொத்த எடையையும் நல்ல காலில் போடுவார். அவர் கீழே விழுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

மெஷின் என்பது மேலிருந்து தொங்கும் பெல்ட். அது உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ள, அவர் டிரெட்மில்லில் நடப்பார். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அமெரிக்காவில் லீப்ஸ் என்ற ஆய்வில் 408 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிலருக்கு டிரெட்மில், மற்றவர்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்த பலம், சமநிலைப் பயிற்சிகள். 2011ல் வந்த முடிவுப்படி, ஒரு வருடம் கழித்து நடையில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. நடை மிகவும் பாதிக்கப்பட்டவர்களில், சீக்கிரமே டிரெட்மில் பயிற்சி தொடங்கியவர்கள் பலமுறை விழுந்ததுதான் அதிகம். காசைக் கொட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

என் ஓட்டு நாற்காலிக்கு. சுவரை ஒட்டிப் போட்ட, ஆடாத, கொஞ்சம் உயரமான நாற்காலி. பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். பலவீனமான காலை நல்ல காலைவிட இன்னும் கொஞ்சம் பின்னால் இழுத்து வையுங்கள். அப்போதுதான் எழும்போது அந்தக் கால் வேலை செய்தாக வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிந்து, எழுந்து, பிறகு மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று விழக் கூடாது. துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கம் நின்று இடுப்பைப் பிடிக்கட்டும். பலவீனமான கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கிவிடும். நம் வீடுகளில் பாசத்தோடு செய்கிற தப்பு இது.

நிற்கவே முடியாதவர் உட்கார்ந்தபடி, கை எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் வைத்த டம்ளரை எடுத்துப் பழகலாம். இடுப்புக்கு மேல் உடம்பை இப்படிப் பழக்குவது நிற்கும் சமநிலைக்கும் உதவுகிறது என்று 68 ஆய்வுகளைத் தொகுத்த 2023ன் காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு) அலசல் சொல்கிறது.

சிகிச்சையாளர் தன் கைகளால் உடம்பை நேராக்கி, அசைவைத் திருத்தும் போபாத் முறையும் உண்டு. நார்வேயில் அதையும், அன்றாட வேலைகளையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் முறையையும் ஒப்பிட்டார்கள். 2000ல் வெளியான அந்த ஆய்வில், இரண்டாம் முறைக்காரர்கள் சராசரியாக 21 நாளில் வீடு திரும்பினார்கள். போபாத் பிரிவினருக்கு 34 நாள் ஆனது.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிலர் நல்ல கையாலேயே தங்களைப் பலவீனமான பக்கம் தள்ளிக்கொள்வார்கள். நிமிர்த்தினால் எதிர்த்துத் தள்ளுவார்கள். அது பிடிவாதம் இல்லை. எது நேர் என்பது உடம்புக்குத் தப்பாகத் தெரிகிறது, கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிகிறது. அதனால் கதவு நிலையைக் காட்டி, அதோடு தன் உடம்பை ஒப்பிட்டுப் பார்த்து நிமிரச் சொல்லிக்கொடுப்பார்கள்.

"அப்போ நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து, குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2017ல் வந்தது. வழக்கமான கவனிப்பைவிட அதில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. பிசியோதெரபிஸ்ட்டின் கண் தேவைதான். தமிழ்நாட்டில் என்றால், 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வெளியே தனியாக நடமாடத் தொடங்கியவர்களுக்கு, மெதுவான அசைவுகளைக் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சியும் நல்ல தேர்வு. 2014ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 12 வாரத்தில் தாய்ச்சி பிரிவில் 5 முறைதான் விழுந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பிரிவில் 15 முறை. ஆனால் முதல் மாதத்தில் இதற்கு அவசரப்பட வேண்டாம்.