வியப்பூட்டும் அட்டைப் பெட்டி, கூடவே ஒரு பிழை

விண்வெளி, புவியியல், உணவு வரலாறு ஆகியவற்றைப் பற்றிய வினாடி வினா அட்டைகள் அடங்கிய பெட்டி ஒன்றைப் புத்தகக் காட்சியில் வாங்கி, இரண்டு வாரங்களாக வீட்டில் அனைவரும் விளையாடி வருகிறோம். வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 புவி நாள்களும், சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 225 நாள்களும் ஆகின்றன என்ற அட்டையைப் பிள்ளைகள் முதலில் நம்பவே இல்லை. கடல் மட்டத்திலிருந்து 8,849 மீட்டர் உயர்ந்து நிற்கும் எவரெஸ்ட்டைவிட, 6,263 மீட்டரே உள்ள ஈக்வடாரின் சிம்பொராசோ உச்சிதான் புவியின் மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருக்கிறது என்பதும், நிலநடுக்கோட்டுப் பகுதியில் பூமி புடைத்திருப்பதே அதற்குக் காரணம் என்பதும் தெளிவாக விளக்கப்பட்டுள்ளன.

உணவு அட்டைகளே என்னை அதிகம் கவர்ந்தன. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாகத்தான் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு நம் சமையலுக்குக் காரம் தந்த மிளகின் பெயரே புதிய காய்க்கும் ஒட்டிக்கொண்டது. (மிளகாய் இல்லாத சாம்பாரைக் கற்பனை செய்யவும் என் மாமியார் மறுத்துவிட்டார்.)

சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து வெறும் கண்ணுக்குத் தெரியும் என்று ஓர் அட்டை கூறுவது தவறு; அதை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டேன். தாள் சற்று மெல்லியதுதான் என்றாலும், எழுத்துகள் பெரியவையாக இருப்பதால் முதியவர்களும் சிரமமின்றிப் படிக்கலாம்.