நெடுஞ்சாலை ஓர மனைக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வழியில், நான்குவழிச் சாலையை ஒட்டி 'வணிக மனை' என்று விற்ற இடத்தில் 4 லட்சம் கட்டிவிட்டு இப்போது அலைந்துகொண்டிருக்கிறேன். புகார் நடப்பதால் விற்றவர் பெயரை எழுதவில்லை. என்ன சொல்லி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், பெயர் ஊருக்கு ஊர் மாறும், பேச்சு ஒன்றுதான்.

எனக்கு லாரி டயர் பஞ்சர், வீல் அலைன்மென்ட் வேலை. சொந்தமாக ரோட்டோரம் ஒரு இடம் வேண்டும் என்பது பத்து வருட ஆசை. ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள், மதியச் சாப்பாடும் போட்டார்கள். போய்ப் பார்த்தால் கடலைக்கொல்லை, செடிகளுக்கு நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள். "விவசாய நிலம் மாதிரி இருக்கே" என்று கேட்டேன். "அண்ணே, பச்சையிலிருந்து நீலத்துக்கு மாத்தியாச்சு, சிப்காட் வருது, ஊரே மாறப்போகுது" என்று சொல்லி (அரசு வரைபடத்தில் பச்சை என்றால் விவசாயம், நீலம் என்றால் வணிகம்), முத்திரை குத்திய ஒரு தாளைக் காட்டினார்கள். நில உபயோக மாற்றம் என்று மேலே பெரிதாக இருந்தது. நான் அதைத்தான் நம்பினேன்.

அந்தத் தாளின் நகலை என் மனைவியின் அண்ணனிடம் காட்டினேன், பத்திரம் எழுதும் இடத்தில் இருபது வருடமாக இருக்கிறவர். ஒரே நிமிடம்தான் பார்த்தார். "மாப்ளே, இது ஆர்டர் இல்ல, மனு. 'பொருள்' வரியைப் படிச்சியா?" என்றார். 'நில உபயோக மாற்றம் கோருதல் தொடர்பாக' என்று இருந்தது. முத்திரையில் இருந்தது 'பெறப்பட்டது' என்ற ஒரு வார்த்தை, கீழே தபால் வாங்கியவரின் கையெழுத்து. யார் வேண்டுமானாலும் எந்த நிலத்துக்கும் மனு கொடுத்து அப்படி ஒரு முத்திரை வாங்கலாம். ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வர வேண்டும், வேளாண்மைத் துறை கருத்துச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் ஆணை. இவர்கள் முதல் படியில் நின்றுகொண்டு கடைசிப் படியை விற்றிருக்கிறார்கள்.

பட்டாவில் புஞ்சை என்று இருப்பது வேறு, முழுமைத் திட்டத்தில், அதாவது எந்த இடத்தில் என்ன வரலாம் என்று அரசு போடும் மாஸ்டர் பிளானில், அந்த சர்வே எண் எந்த உபயோகத்தில் இருக்கிறது என்பது வேறு. பட்டாவை வீட்டிலிருந்தே ஆன்லைனில் பார்த்துவிடலாம், நானும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. உபயோகத்தை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சர்வே எண் கொடுத்துக் கேட்க வேண்டும். அதைத்தான் நான் செய்யவில்லை.

இன்னொன்று இதைவிட வேதனை. என்னுடையது முதல் வரிசை மனை, அதற்கென்று தனி விலை, 40-க்கு 60 அடி, 12 லட்சம். தேசிய நெடுஞ்சாலையில் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டர் வரை கட்டடம் கட்டக் கூடாது என்று விதி, 75 மீட்டர் வரை கட்டுப்பாடு. அங்கே சாலைக்கு எடுத்த நிலம் நடுக்கோட்டிலிருந்து 30 மீட்டரில் முடிகிறது. ஆள் வைத்து அளந்தேன். என் 60 அடியில் முன்னால் 10 மீட்டர், அதாவது 33 அடி, அந்த 40 மீட்டருக்குள் வருகிறது, மிச்சம் 27 அடி. லாரி நிறுத்தி டயர் கழற்ற அது எப்படிப் போதும்? நெடுஞ்சாலையிலிருந்து வண்டி உள்ளே இறங்க வழிக்குத் தனி அனுமதி வேண்டும், அதையும் யாரும் சொல்லவில்லை.

பணத்தைக் கேட்டபோது, "மனையாகப் பத்திரம் ஆகாது, விவசாய நிலமாக ஐந்தரை சென்ட் என்று கிரயம் பண்ணிக்கொள்ளுங்கள், பிறகு வரன்முறை செய்துகொள்ளலாம்" என்றார்கள். தயவுசெய்து இதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். வரன்முறை என்றால் அனுமதி இல்லாமல் போட்ட மனையைப் பிறகு கட்டணம் கட்டிச் சட்டப்படி ஆக்குவது. 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் 20.10.2016-க்கு முன்பே விற்பனை தொடங்கிய மனைப்பிரிவுகளுக்குத்தான். நேற்று கல் நட்ட கொல்லைக்கு அது பொருந்தாது.

ரெராவில், அதாவது மனை, வீடு விற்பனையைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவு இல்லாமல் விளம்பரம் செய்யவே கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. என் கணக்கில் அது 1 லட்சத்து 20 ஆயிரம், நான் கொடுத்தது 4 லட்சம், அதில் பாதிக்கு மேல் ரொக்கம். ரொக்கத்துக்கு அவர்கள் கொடுத்தது பெயர் அச்சடிக்காத துண்டுச் சீட்டு.

அந்தப் பக்கம் தொழில் வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மழையை நம்பிக் கடலை போடுகிற ஊர்கள், பிள்ளைகள் வேலைக்குச் சென்னைக்கு ஓடுகிறார்கள். நிலம் முறைப்படி வகைமாறி நாலு பட்டறை வந்தால் நல்லதுதான். ஆனால் அந்த ஆசையை முன்னால் வைத்துத்தான் எங்களைப் போன்றவர்களிடம் பணம் பிடுங்குகிறார்கள்.

ஒன்றரை லட்சம் காசோலையாகத் திரும்ப வந்திருக்கிறது. மீதிக்குப் புகார் கொடுத்திருக்கிறேன். அதே கடலைக்கொல்லையில் பணம் கட்டியவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், துண்டுச் சீட்டாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், வேனில் எடுத்த போட்டோவைக்கூட வைத்திருங்கள். சேர்ந்தே போய்க் கேட்கலாம்.